வாஷிங்டன் வாசகமா, மணிலா வாக்கெடுப்பா?

கடலில் தகராறு முற்றும்போது ராணுவக் கூட்டணிக்கு ஆதரவு காட்ட ஒரு நாடாளுமன்றத்துக்கு இரண்டு வழி உண்டு. "உங்கள் பக்கம்தான் இருக்கிறோம்" என்று ஒரு வாசகம் எழுதி நிறைவேற்றலாம். இல்லையென்றால் ஒப்பந்தத்தையே வாக்கெடுப்புக்கு வைத்து ஒப்புதல் தரலாம். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. இரண்டையும் சொல்ல நேரமில்லாததால் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

முதல் வழிக்கு அமெரிக்கா. 2012 செப்டம்பரில், சீனாவும் தன்னுடையது என்று சொல்லும் சென்காகு தீவுகளில் மூன்றை ஜப்பான் அரசு விலைக்கு வாங்கியதும் சீனா கொதித்தது. 2013 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென ஒரு பிரிவு இருந்தது. தீவு யாருக்குச் சொந்தம் என்பதில் அமெரிக்கா பக்கம் சாயாது, நிர்வாகம் ஜப்பானிடம் இருப்பதை ஏற்கிறது, ஜப்பான் நிர்வகிக்கும் இடம் தாக்கப்பட்டால் துணை நிற்க வேண்டும் என்கிற அமெரிக்க-ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவுக்குக் கட்டுப்படுகிறது என்றது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, சரி. ஆனால் அது காங்கிரசின் கருத்து மட்டுமே. அதை வைத்து யாரையும் ஒரு வேலை செய்ய வைக்க முடியாது.

பிலிப்பைன்ஸ் கதை வேறு. 1991 செப்டம்பர் 16 அன்று அமெரிக்கத் தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை அந்நாட்டு செனட் 12-11 என்று தள்ளியது. அடுத்த ஆண்டே அங்கிருந்த அமெரிக்கக் கடற்படையின் சூபிக் தளம் காலி. 1995இல், பிலிப்பைன்ஸ் தன்னுடையது என்று சொல்லும் தென்சீனக் கடலின் மிஸ்சீஃப் திட்டில் சீனா வந்து உட்கார்ந்தது. (அதனால்தான் இது என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை.) 1999 மே மாதம், வந்துபோகும் அமெரிக்கப் படைகளுக்கான ஒப்பந்தத்துக்கு அதே செனட் 18-5 என்று ஒப்புதல் கொடுத்தது. அதைப் படித்தால் பெரிய முழக்கம் எதுவும் கண்ணில் படாது. அமெரிக்கச் சிப்பாயின் ஓட்டுநர் உரிமம் மணிலாவில் செல்லும், குற்றம் செய்தால் யார் விசாரிப்பது என்ற ரீதியில் போகும். எனக்குப் பிடித்ததே இதுதான். நிஜமாகவே ஆட்கள் வந்து இறங்கப் போகிறார்கள் என்றால்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது அதிலுள்ள நோட்டீஸ் காலம். வாடகை வீட்டைப் போலத்தான். வாய்ப்பேச்சில் குடியிருப்பவரை நாளைக்கே கிளம்பச் சொல்லலாம். பத்திரம் எழுதியிருந்தால் அவகாசம் தர வேண்டும். 2020 பிப்ரவரியில், தனக்கு நெருக்கமான ஒரு செனட்டரின் அமெரிக்க விசா ரத்தான கடுப்பில், ஒப்பந்தம் முடிந்தது என்று அப்போதைய பிலிப்பைன்ஸ் அதிபர் டுடெர்டே நோட்டீஸ் விட்டார். செனட்டைக் கேட்கவில்லை. ஒப்புதல் தந்த எங்களைக் கேட்காமல் விலகலாமா என்று செனட் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆக, வாக்கெடுப்பும் இரும்புப் பூட்டு இல்லை. ஆனால் விலக 180 நாள் ஆகும். அந்த அவகாசம் முடிவதற்குள் மூன்று முறை ஒத்திவைத்தார். 2021 ஜூலையில் நோட்டீஸையே திரும்பப் பெற்றார். வெறும் வாசகமாக இருந்திருந்தால் ஒத்திவைக்க என்ன இருந்திருக்கும்?

போர் என்று வந்தால் எது நிற்கும்? இரண்டுமே அந்தச் சோதனைக்கு வந்ததில்லை, அதனால் அதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன். மணிலா எதை நம்புகிறது என்பது மட்டும் தெரிகிறது. 2024 ஜூனில் அதே தென்சீனக் கடலில் செகண்ட் தாமஸ் திட்டருகே சீனக் கடலோரக் காவல்படையுடன் நடந்த மோதலில் பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் ஒருவரின் கட்டைவிரல் போனது. அந்த டிசம்பரில் இதே மாதிரி ஒப்பந்தம் ஒன்று செனட்டுக்கு வந்தது. இந்த முறை ஒப்பந்தக் கூட்டாளி ஜப்பான், 1942இல் மணிலாவைப் பிடித்த அதே நாடு. வாக்கு 19-0.