உளுந்துக்கு சூப்பரா, டி.ஏ.பி.யா? மூட்டை சுமந்தவன் சொல்வது

டி.ஏ.பி. உரம் மூட்டை 1,350 ரூபாய், அதுவும் விதைப்பு நேரத்தில் கண்ணில் படுவதில்லை, சூப்பர் பாஸ்பேட் போட்டால் உளுந்து தேறுமா என்று மச்சான் போனில் கேட்டார். எங்கள் புதுக்கோட்டைச் செம்மண்ணில் இரண்டையும் பல பட்டம் (விதைப்புப் பருவம்) மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன்.

பயிருக்கு எது நல்லது என்று கேட்டால் சூப்பர்தான், சந்தேகமே இல்லை. பூ எடுக்கும் சமயத்தில் செடியை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் வேரை அலசிப் பாருங்கள். சூப்பர் போட்ட வயலில் ஆணிவேரைச் சுற்றி வேர் முடிச்சுகள் கொத்தாக இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று அர்த்தம். அந்த வேலைக்கு ஏகப்பட்ட சக்தி வேண்டும், மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் இல்லாமல் அது நடக்காது. கூடவே சூப்பரில் 11 சதவீதம் கந்தகமும் வருகிறது. டி.ஏ.பி. போட்டால் பயிர் சீக்கிரமே பச்சைகட்டி கண்ணுக்கு அழகாக நிற்கும். அது அதிலுள்ள 18 சதவீதத் தழைச்சத்தின் வேலை, அதை வைத்து முடிச்சைக் கணக்குப் போட முடியாது.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சல். இறவை (தண்ணீர் பாய்ச்சும்) உளுந்துக்கு ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து சிபாரிசு. டி.ஏ.பி. என்றால் ஒரு மூட்டைக்குள் முடிந்துவிடும். சூப்பரில் மணிச்சத்து 16 சதவீதம்தான், அதனால் 125 கிலோ, இரண்டரை மூட்டை சுமக்க வேண்டும். அதுவும் தூளாக வந்தால் தொலைந்தோம். ஒரு மழைக்காலம் கொட்டகையில் கிடந்தால் மூட்டை முழுக்கக் கருங்கல்! மண்வெட்டிப் பிடியால் அடித்து உடைக்க வேண்டும். தூசி மூக்கில் ஏறும், கையில் வெடிப்பு இருந்தால் எரிச்சல் தாங்காது. உடைக்காமல் வீசினாலோ கட்டி விழுந்த இடத்திலேயே கிடக்கும். மணிச்சத்து மண்ணில் நகராது, செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அதைப் பிடித்துக்கொள்ளும். வேர் இருக்கும் இடத்துக்கு நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதனால் கடைசி உழவிலேயே போட்டு மூடிவிட வேண்டும். குருணையாகக் கிடைத்தால் பாதித் தொல்லை இல்லை. ஆனால் நம் ஊர்க் கடையில் கேட்டால் "அடுத்த லோடு" என்பார்கள்.

டி.ஏ.பி.யை நான் விடாமல் வைத்திருப்பது இலைத்தெளிப்புக்கு. ஏக்கருக்கு 4 கிலோவை ராத்திரி ஊறவைத்து, காலையில் தெளிவை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி, வெயில் தாழ அடிப்பேன். பூக்கும்போது ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று. பூ உதிர்வது நன்றாகக் குறையும். வண்டலோடு ஊற்றினால் நாசில் அடைக்கும், அதில் மட்டும் கவனம்.

மச்சானிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "டி.ஏ.பி. கிடைத்தால் அதையே வாங்குங்க மச்சான், கந்தகத்துக்கு ஏக்கருக்கு 44 கிலோ ஜிப்சம் தனியா போட்டுடுங்க." முந்தின நாள் முழுக்க கட்டி உடைத்த கை வேறென்ன சொல்லும்? என் வயலுக்கு இந்தப் பட்டமும் சூப்பர்தான், மூட்டை இறங்கிவிட்டது.