சின்ன டர்போவா, பெரிய டர்போவா: சூட்டை வைத்து ஒரு கணக்கு

ஒரே எஞ்சின் கொண்ட இரண்டு கார்கள். ஒன்றில் கம்பெனி பொருத்திய சின்ன டர்போ, மற்றதில் அதைவிடப் பெரியது. டர்போ என்றால் எஞ்சின் புகையால் சுழலும் டர்பைனும், அதோடு சேர்ந்து சுழன்று காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும் கம்ப்ரஸரும்தான். பூஸ்ட் கேஜ், அதாவது அந்தக் கூடுதல் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டர், இரண்டிலும் 1 பார்தான் காட்டுகிறது. ஆனாலும் 6000 ஆர்பிஎம்மில் பெரிய டர்போ கார் முந்திக்கொண்டு போகும். கேஜுக்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும்தான். உள்ளே போகிற காற்றின் சூடும் அளவும் அதற்குத் தெரியாது.

காற்றை அழுத்தினால் சூடாகும், அதைத் தவிர்க்க முடியாது. எவ்வளவு என்பது கம்ப்ரஸரின் செயல்திறனைப் பொறுத்தது. வெளிக்காற்று 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 1 பார் பூஸ்டில், 75 சதவீதச் செயல்திறன் உள்ள கம்ப்ரஸரிலிருந்து காற்று சுமார் 112 டிகிரியில் வெளிவரும். சின்ன டர்போவை அதன் சக்திக்கு மீறி விரட்டிச் செயல்திறன் 60 சதவீதத்துக்கு இறங்கினால் 134 டிகிரி ஆகிவிடும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலர் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும், சரி.

இன்டர்கூலரால் தொட முடியாத சூடு டர்பைன் பக்கம் இருக்கிறது. குறுகலான டர்பைன் வழியே புகை வெளியேற முடியாமல் முட்டி நிற்கும். அங்கே அழுத்தம் பூஸ்டைப் போல இரு மடங்காகக்கூட ஏறலாம். எரிந்த சூடான புகையில் கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கிவிடும். அடுத்த சுற்றில் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்து எரிவது) எட்டிப் பார்க்கும். எஞ்சின் அமைப்புகளைச் சரிசெய்யும் டியூனர், இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, தாமதப்படுத்துவார். தாமதப்படுத்தினால் புகை இன்னும் சூடாகும். அதைத் தணிக்கப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்ற வேண்டும். சின்ன டர்போவில் பூஸ்டை ஏற்ற ஏற்ற பவர் அவ்வளவாக ஏறாததற்கு இந்தச் சங்கிலிதான் காரணம்.

அப்போ பெரியதையே போட்டுவிடலாமா? அதுவும் குளிர்ச்சிக்கு உத்தரவாதம் இல்லை. அதிகக் காற்று போனால் அதிகப் பெட்ரோல் எரியும். ரேடியேட்டர், ஆயில் கூலர் எல்லாமே கூடுதல் சூட்டைச் சுமக்க வேண்டும். ஆனால் இது பவரோடு சேர்ந்து வரும் சூடு, முன்னது வெறும் நஷ்டம். பெரிய டர்போவின் நிஜமான தொல்லை லேக். கனமான சக்கரம் சுழன்று எழ நேரமாகும், ஆர்பிஎம் நன்றாக ஏறும்வரை பூஸ்டே வராது. டிராக்கில் பரவாயில்லை, தினமும் ஓட்டும் காரில் எரிச்சல்தான்.

ட்வின் ஸ்க்ரோல் (புகையை இரண்டு தனிப் பாதைகளில் டர்பைனுக்கு அனுப்புவது), உராய்வைக் குறைக்கும் பால் பேரிங் போன்றவை லேகைக் கொஞ்சம் குறைக்கும். டர்பைன் இதழ்கள் திரும்பும் வகை டீசலில் சகஜம்; பெட்ரோல் புகையின் சூடு அதற்கு ஒத்துவராமல் இருந்தது. போர்ஷே 2006இல் 911 டர்போவில் அதைக் கொண்டுவந்தது.

சாலையில் ஓட்டும் காருக்கு என் ஓட்டு, கம்பெனி டர்போவுக்கு ஒரு அளவு மேலே உள்ளதற்குத்தான். அதற்கும் முன்னால் டேட்டா லாகை, அதாவது ஓட்டும்போது பதிவான எஞ்சின் அளவீடுகளை, பாருங்கள். வேஸ்ட்கேட் (டர்பைனைத் தவிர்த்துப் புகையை வெளியே விடும் வால்வு) முழுக்க மூடியிருந்தும் உயர் ஆர்பிஎம்மில் பூஸ்ட் சரிகிறது என்றால் டர்போவுக்கு மூச்சு முட்டுகிறது, மாற்றலாம். பூஸ்ட் நிலையாக இருந்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உள்ளே போகும் காற்றின் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போனால், முதலில் இன்டர்கூலரை மாற்றுங்கள்.