அசெம்பிள்டா, பிராண்டடா? ரிச்சி ஸ்ட்ரீட்ல தம்பிக்கு பிசி போட்ட அனுபவம்

தம்பிக்கு கோடிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், ராத்திரி ஆனா வாலோரன்ட் கேம், அவ்ளோதான் தேவை. ஷோரூம்லயும் விசாரிச்சோம், சென்னை எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டான ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை கொட்டேஷனும் வாங்கினோம், கடைசில பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள்தான் பண்ணோம்.

பிராண்டட் டவர் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஒரிஜினல் விண்டோஸ் 11, கீபோர்டு, மவுஸ், ஒரே வாரன்டி, எல்லாம் ஓகே. ஆனா எங்க ஆபீஸ்ல இருக்குற அதே மாதிரி டவர தொறந்து பாத்திருக்கேன், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) நார்மல் சைஸ் இல்ல, மதர்போர்டுக்கு போறது வழக்கமான 24 பின் கனெக்டரும் இல்ல, கிராபிக்ஸ் கார்டுக்குன்னு தனி பவர் வயரே கிடையாது. நாளைக்கு தனி பவர் கேக்குற கார்டு ஒண்ணு போடணும்னா எஸ்எம்பிஎஸ் மாத்தணும், அத மாத்தணும்னா போர்ட மாத்தணும், அப்புறம் என்னத்துக்கு அந்த டப்பா?

நாங்க போட்டது ரைசன் 5 5600ஜி ப்ராசசர், ஏ520 போர்டு, 8 ஜிபி ராம் ரெண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. கடைக்காரர் ஒரே 16 ஜிபி ஸ்டிக்க போட்டு தள்ளிவிடத்தான் பாத்தாரு, ஒத்துக்காதீங்க. இந்த சிப்ல கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு, அது ராமத்தான் பங்கு போட்டுக்கும், ரெண்டு ஸ்டிக்கா போட்டா கேம்ல ஃபிரேம் நல்லாவே ஏறும். இன்டெல் ப்ராசசர் போறவங்க ஐ3 12100எஃப் விலை கம்மின்னு தூக்கிடாதீங்க, எஃப்னு முடிஞ்சா உள்ள கிராபிக்ஸ் இல்ல, தனி கார்டு இல்லாம டிஸ்ப்ளேயே வராது.

கேபினெட்டோட ஃப்ரீயா ஒரு எஸ்எம்பிஎஸ் தருவாங்க பாருங்க, மேல 450 வாட்ஸ்னு கொட்டை எழுத்துல இருக்கும். ப்ராசசரும் கார்டும் பவர் எடுக்குறது முக்கியமா 12 வோல்ட் லைன்லதான், ஸ்டிக்கர்ல அதுல எத்தனை ஆம்பியர்னு பாருங்க, 18ன்னு இருந்தா 12ஆல பெருக்குனா 216 தான் வருது, மிச்சம் எங்க போச்சுன்னு கடைக்காரருக்கே தெரியாது 😀 அத அங்கயே வச்சிட்டு நல்ல பிராண்டு ஒண்ணு தனியா வாங்கிட்டோம்.

விண்டோஸ் காசு தனி, அதையும் கூட்டித்தான் விலைய கம்பேர் பண்ணணும். அப்புறம் விண்டோஸ் 11ல வாலோரன்ட் ஓடணும்னா பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ்ல) டிபிஎம், செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கும் ஆன்ல இருக்கணும், கடையிலயே போட்டு காட்ட சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும், 2025 கடைசில இருந்து ராம் விலை ஏறுன ஏத்தத்துல அசெம்பிள் பண்றதுல முன்ன இருந்த லாபம் இல்ல, 16 ஜிபியோட பழைய ஸ்டாக் பிராண்டட் ஏதாவது சிக்குச்சுன்னா, கேம் எல்லாம் வேணாம்னா, அதையே எடுத்துக்கலாம். அப்பா கணக்கு எழுதுறதுக்கு அது போதும்.

ஜிஎஸ்டி பில்லுல ஒவ்வொரு பார்ட் சீரியல் நம்பரும் எழுதி வாங்கிக்கோங்க, பில் இல்லாம கம்மியா தர்றேன்னா வேணாம். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, முக்காவாசி கடை பூட்டித்தான் இருக்கும்.