பெருவிரலை எழுப்பும் நாண் மாற்றுச் சத்திரசிகிச்சை: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

மணிக்கட்டில் செல் துண்டு பட்டோ கத்தி வெட்டியோ, பெருவிரலை எழுப்பும் தசைகளை இயக்கும் நடுநரம்பு அறுந்தால் பெருவிரல் உள்ளங்கைக்குப் பக்கத்தில் படுத்துவிடும். சுட்டுவிரலோடு அழுத்தித் திறப்பைப் பிடிக்கலாம்; தேத்தண்ணிக் கோப்பையை வளைத்துப் பிடிக்கவோ பொத்தான் பூட்டவோ வராது. இதற்கு, வேலைசெய்கிற வேறொரு தசையின் நாணைப் பெருவிரலுக்கு மாற்றித் தைக்கும் நாண் மாற்றுச் சத்திரசிகிச்சை நல்ல வைத்தியம், தயங்காமல் போகலாம். ஆனால் முல்லைத்தீவிலோ துணுக்காயிலோ இருக்கிறவர் சத்திரசிகிச்சைத் திகதி எடுக்கமுதல், பிறகு வாராவாரம் கையைப் பயிற்றப்போகிறவர் யார், எங்கே என்பதை முடிவுசெய்ய வேண்டும். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை. பஸ் செலவும் இழக்கிற நாட்கூலியும்தான் பயிற்சியை இடையில் நிறுத்திவிடுகின்றன.

எந்த நாணை எடுப்பது என்பதில் நோயாளியும் பேச வேண்டும். மோதிரவிரலை மடக்கும் இரண்டு நாண்களில் மேலோட்டமானதை விரலடியில் வெட்டி மணிக்கட்டில் வெளியே எடுத்து, சுண்டுவிரல் பக்கத்து நாணொன்றைக் கப்பியாக்கி, தோலுக்கடியால் பெருவிரலுக்குக் கொண்டுபோய்த் தைப்பது ஒரு முறை. பலம் இதில்தான் கூட. மண்வெட்டி பிடிக்கிறவருக்கும் மேசனுக்கும் இதையே சொல்வோம். குறை, மோதிரவிரலின் நடுமூட்டு பிறகு மடங்கி இறுகலாம், கப்பியும் தளரலாம். மணிக்கட்டு வெட்டில் அந்த நாணும் அறுந்திருந்தாலோ, நரம்பு முழங்கைக்கு மேலே அறுந்திருந்தாலோ இந்த வழி சரிவராது. அப்போது சுட்டுவிரலை நிமிர்த்தும் இரண்டு நாண்களில் ஒன்றை மணிக்கட்டின் சுண்டுவிரல் ஓரத்தால் சுற்றிக் கொண்டுவருவார்கள். பலம் கொஞ்சம் குறைவு, ஆனால் பிடி குறையாது; தையல் வேலை செய்கிறவருக்குப் போதும். மூன்றாவது வழி மணிக்கட்டின் நடுவால் உள்ளங்கைக்குப் போகும் உள்ளங்கை நாண். அது சிலருக்குப் பிறவியிலேயே இல்லை; இருந்தாலும் அது பெருவிரலை வெளியே தூக்குமே தவிர நன்றாகத் திருப்பாது.

சத்திரசிகிச்சைக்கு முன் பார்க்க வேண்டியது மூட்டு. மற்றக் கையால் பிடித்து இழுத்தாலும் பெருவிரல் வெளியே வராவிட்டால் எந்த நாணாலும் அதை இழுக்க முடியாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோல் இறுகியிருந்தால், அதை விரித்துத் தாங்கும் பட்டையான ஸ்பிளின்டை இரவில் போட்டு முதலில் இளக்க வேண்டும். தசைப் பலத்தை 0 முதல் 5 வரை அளப்பார்கள்; எடுக்கப்போகும் தசையின் பலம் 5க்கு 4 ஆவது இருக்க வேண்டும், ஏனெனில் இடம் மாறினால் ஒரு படி இறங்கும். காயத்தழும்பு இளகியிருக்க வேண்டும். இறுகிய தழும்புக்குள்ளால் போகும் நாண் அதிலேயே ஒட்டிவிடும். நரம்பைத் தைத்திருந்தால் அது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் வளரும். அது வந்து சேர்ந்தால் பெருவிரல் தானாகவே எழும்பக்கூடும்; அந்தக் கணக்கைப் பார்க்காமல் அவசரப்பட வேண்டாம்.

பிறகு 3 முதல் 4 கிழமை பெருவிரலை விரித்துவைத்து பிளாஸ்டர். அதைக் கழற்றியதும் தொடங்குகிற பயிற்சியில்தான் எல்லாம் இருக்கிறது. மோதிரவிரல் நாண் என்றால் அந்த விரலை மடக்கிக்கொண்டே பெருவிரலைக் கொண்டுவரப் பழக்குவார்கள். சுட்டுவிரல் நாண் என்றால் அதை நிமிர்த்திக்கொண்டே. ஒரேயடியாக நெடுநேரம் செய்வதைவிட, நாளில் பல தடவை சில நிமிடம் செய்வது நல்லது. மெல்லிய வேலை 6 கிழமைக்குப் பிறகு, தண்ணீர் வாளியும் மண்வெட்டியும் 12 கிழமைக்குப் பிறகு. விதைப்பு வந்துவிட்டதென்று முந்தித் தூக்கினால் தையல் இழுபட்டு நாண் தளரும், அறவும் கூடும். பெருவிரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதை கப்பன்ஜி அளவில் 10 வரை கணிப்பார்கள்; பெருவிரல் நுனி சுண்டுவிரல் நுனியைத் தொட்டால் 10க்கு 6. நகம் மேலே பார்த்தபடி தொட்டால் நல்ல பலன். பிளாஸ்டிக் ஸ்பிளின்டை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடாதீர்கள், உருவம் மாறிவிடும்.

உணர்ச்சி இதனால் திரும்பாது. இதைப் பல இடங்களில் தெளிவாகச் சொல்வதில்லை, எங்கள் பெரிய குறை இதுதான். விரல்நுனி மரத்திருந்தால் சூட்டுப்பானையைத் துணியில்லாமல் தொடக்கூடாது, இரவில் விரல்களைக் கண்ணால் பார்த்துக் காயம் தேட வேண்டும்.

வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்ட்டில் மூன்று விடயங்களை எழுதித் தரக் கேளுங்கள்: எந்த நாண் எடுத்தது, எங்கே தைத்தது, பிளாஸ்டர் கழற்றும் திகதி. ‘நாண் மாற்று’ என்று மட்டும் எழுதியிருந்தால், கிளிநொச்சியில் கையைப் பார்க்கும் பிசியோவுக்கு எந்த விரலை வைத்துப் பழக்குவதென்று தெரியாமல் முதல் கிழமை வீணாகும்.