பல் செட்டு, மூணு மாசம்: கண்டக்டர் வாய்க்கு ஒத்து வருதா?

ஈரோடு–கோயமுத்தூர் பஸ்ஸுல 26 வருஷம் கண்டக்டருங்க நான். திண்டல், பெருந்துறை, விஜயமங்கலம், செங்கப்பள்ளி, அவிநாசி, தெக்கலூரு, கருமத்தம்பட்டின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மேலயும் கீழயும் முழு செட்டு மாட்டிட்டு வந்த அன்னிக்கு, முதல் ஸ்டாப்புலயே வண்டி நின்னுபோச்சு. திண்டலுக்கு 'தி' சொல்ல நாக்கு முன்பல்லுக்குப் பின்னால முட்டணும், 'ண்ட'வுக்கு மடிஞ்சு அண்ணத்தைத் தொடணும். அண்ணத்தை எங்கீங்க தொடறது, அது மேலதான் தகடு இருக்குதே! அவிநாசி 'அவிநாஷி' ஆயிருச்சு. "ஏனுங் அப்பாரு, வாயில மிட்டாய் வச்சுட்டுப் பேசறீங்ளா?"ன்னு கேக்கறா பேத்தி. எச்சிலும் அப்படித்தான் ஊறுச்சு. செட்டைத் தீனின்னே வாய் நெனச்சுக்குதாம். பத்து நாள்ல அடங்கிருச்சு.

கிளினிக் மேல எனக்கு ஒரே ஒரு குறைதான். மெழுகுல பல்லை நட்டு வச்சுப் பார்க்கறப்போ சிரிக்கச் சொன்னாங்க, கடிக்கச் சொன்னாங்க, பேசச் சொல்லலை. அப்பவே நாலு ஊர் பேரைச் சொல்ல உட்டிருந்தா மெழுகைச் சுரண்டியே சரி பண்ணியிருக்கலாம். பொறவு நானாப் போய்ச் சொன்னதும், முன்பல்லுக்குப் பின்னாடி தகடு தடிப்பா இருக்குதுன்னு டாக்டரம்மா தேச்சு உட்டாங்க. 'ச' முக்கால்வாசி திரும்பிருச்சு. தேச்சதுக்குக் காசு வாங்கலை, அதையும் சொல்லணுமில்லீங்.

கீழ் செட்டுதான் ரோதனை. மேல் செட்டு அண்ணத்துல ஒட்டிக்குது. கீழது லாடமாட்டம் ஈறு மேல சும்மா உக்காந்திருக்குது. மூணு வருஷம் பொக்கை வாயோட திரிஞ்சதுல நாக்கு வேற அகலமாப் பரவிருச்சாம். 'பள்ளி'ன்னு நாக்கைப் பின்னால இழுத்தா செட்டு எந்திரிச்சு மேல் பல்லுல டொக்குன்னு இடிக்கும். சும்மா இருக்கறப்போ நாக்கு நுனியைக் கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி சாய்ச்சு வைங்கன்னு டாக்டரம்மா சொன்னதுதான் உருப்படியா வேலை செஞ்சுது. காத்தால அரை மணி நேரம் தினத்தந்தியைச் சத்தம் போட்டு, மெதுவாப் படிக்கறேன்.

இப்போ கருமத்தம்பட்டி வரைக்கும் போயிர்றேன், செங்கப்பள்ளியில மட்டும் லேசா ஒரு டொக். 18,000 ரூபாய்க்கு நாலு ஸ்டார் தரலாமுங்க. அரிசிம்பருப்புச் சோறு தாராளமா எறங்குது. முறுக்குப் பக்கம் இன்னும் போகலை.