பழைய கேம் போய் கசெற் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என்னிடம் விற்கப்பட்ட போலி எமரால்ட் கேம்

யாழ்ப்பாணத்தில் பழைய கேம் போய் (நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவி) கசெற் தேடுகிறவர்கள் காசு கொடுக்க முதல் இதை வாசித்துவிடுங்கள். 'சேவ் (விளையாடிய இடத்தைப் பதிந்து வைப்பது) நிற்கவில்லை' என்று திருப்பிக் கொண்டுபோனால், 'பற்றரி முடிஞ்சிருக்கும்' என்ற ஒரே பதிலைச் சொல்லிப் போலிக் கசெற்றை உங்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பதில் எங்கே உண்மை, எங்கே பொய் என்று தெரிந்திருந்தால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

நான் வாங்கியது இரண்டு கேம்: பிந்தி வந்த கேம் போய் அட்வான்ஸ் கருவிக்கான போக்கிமொன் எமரால்ட் ஒன்று, அதற்கு முந்திய கேம் போய்க்கான போக்கிமொன் சில்வர் ஒன்று. இரண்டும் சேர்த்து 18,000 ரூபா. அக்காவின் மகனுக்காக எடுத்தேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடா, லண்டனிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகளின் பழைய சாமான்களை இங்கே விட்டுப் போவது வழக்கம். அதனால் 'கனடாவிலை இருந்து வந்தது, ஒறிஜினல்' என்று கடைக்காரர் சொன்னபோது சந்தேகப்பட இடமில்லை. அவரே என் முன்னால் எமரால்ட்டைப் போட்டு, சேவ் பண்ணி, நிறுத்தி, உடனே திரும்பப் போட்டுக் காட்டினார். சேவ் இருந்தது.

மருமகன் இரவு வெகுநேரம் விளையாடிவிட்டுச் சேவ் பண்ணிப் படுத்தான். விடிய எழும்பிப் பார்த்தால் 'நியூ கேம்' மட்டும்தான் இருக்கிறது. அதே வாரத்தில் சில்வரிலும் இப்படியே ஆனது. பிள்ளை அழுததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

கடைக்குப் போய், "அண்ணை, இரண்டிலும் சேவ் நிற்குதில்லை" என்றேன்.

"பழைய சாமான்தானே தம்பி, பற்றரி முடிஞ்சிருக்கும். பற்றரி போனா சேவ் போகும். அதுக்கு நான் பொறுப்பில்லை."

சில்வருக்கு இது நடக்கக்கூடியதுதான். 1999இல் ஜப்பானில் வெளிவந்த கேம் அது. சேவ் இருக்கும் நினைவகத்துக்கு எந்த நேரமும் மின்சாரம் தேவை. கேமுக்குள் பகல் இரவு மாறுவதற்காக ஒரு கடிகாரமும் ஓடுகிறது. இரண்டையும் ஒரே 3 வோல்ட் பற்றரிதான் தாங்குகிறது. அது தீர்ந்தால் சேவ் அழியும். கடிகாரம் இருப்பதால், அதற்கு முந்திய ரெட், புளூ கசெற்களைவிட இதில் பற்றரி சீக்கிரம் தீர்வதும் உண்டு.

எமரால்ட்டுக்கு அது பொய். அட்வான்ஸுக்கு வந்த போக்கிமொன் கேம்களில் அசல் ரூபி, சபயர், எமரால்ட் மூன்றும் சேவை ஃபிளாஷ் நினைவகத்தில் வைத்திருக்கின்றன. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. உள்ளே உள்ள பற்றரி கடிகாரத்துக்கு மட்டுந்தான். அது தீர்ந்தால் கேம் தொடங்கும்போது பற்றரி தீர்ந்துவிட்டது என்று ஒரு செய்தி வரும், கேமுக்குள் நட்ட பெரிகள் (பழச்செடிகள்) வளராது, அவ்வளவுதான். சேவ் அப்படியே இருக்கும். அதே அட்வான்ஸுக்கு வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் பற்றரியே கிடையாது. ஆகவே பற்றரி போனதால் எமரால்ட் சேவ் அழிந்தது என்று ஒருவர் சொன்னால், அந்தக் கசெற் போலி என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

வீட்டில் கழற்றிப் பார்த்தேன். அசலில் தனித்தனிச் சிப்கள் ஒழுங்காகச் சொல்டர் பண்ணியிருக்கும். இதில் தார் சொட்டியது போல ஒரு கறுப்புக் குமிழ், பக்கத்தில் மலிவான ஒரு பற்றரி. இப்படியான போலிகளில் ஃபிளாஷுக்குப் பதிலாகப் பற்றரியை நம்பி நிற்கும் நினைவகத்தைப் போடுகிறார்கள். அந்தப் பற்றரி செத்திருந்தாலும் நிறுத்தியவுடன் சில விநாடிகளுக்குத் தகவல் தங்கி நிற்கலாம். கடையில் உடனே போட்டுக் காட்டியதன் இரகசியம் அதுதான். நிறுத்தி, கசெற்றைக் கழற்றி மேசையில் வைத்து, ஐந்து பத்து நிமிடமாவது பொறுத்துப் போடச் சொல்லுங்கள். அப்போதும் நன்றாயிருக்கிற பற்றரியோடு வரும் போலி தப்பிவிடும். அதனால் கசெற்றையும் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் கசெற் என்றால் போனின் லைற்றை அடித்து அடிப்பக்கத் திறப்புக்குள் பாருங்கள். தங்க நிறப் பின்களுக்கு மேலே போர்ட்டில் (சிப்கள் பொருத்திய பலகை) 'நின்டெண்டோ' என்ற எழுத்து தெரிய வேண்டும். லேபிளைச் சரித்துப் பார்த்தால் அசல்களில் பெரும்பாலும் அழுத்திப் பதித்த சின்ன எண் ஒன்று இருக்கும். பின்னால் உள்ள ஸ்குரூ மூன்று இதழ் வடிவத்தில் இருக்க வேண்டும், சாதாரண நட்சத்திர ஸ்குரூ என்றால் குறைந்தது யாரோ திறந்திருக்கிறார்கள். 'ஒன்றில் நூறு கேம்' என்று வருவதைத் தொடவே வேண்டாம், பலவற்றில் எல்லாக் கேமுக்கும் சேவ் இடம் ஒன்றுதான், ஒன்றைச் சேவ் பண்ண மற்றது போய்விடும்.

சில்வர் அசல்தான். ஆனால் அதிலும் ஒரு கள்ளவேலை. திறந்து மீற்றர் வைத்துப் பார்த்தால் பற்றரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது, புதுப் பற்றரி! ஆனால் அதைச் சொல்டர் பண்ணாமல் ஒட்டுநாடா ஒட்டி விட்டிருக்கிறார்கள். கசெற் கொஞ்சம் அசைந்தால் தொடுகை விலகும், ஒரு கணம் மின்சாரம் நின்றால் சேவ் போய்விடும். பற்றரி நல்லது என்று மீற்றர் சொல்லியும் சேவ் நிற்காவிட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சொல்டர் பண்ணுவதற்கான உலோகக் கால் பொருத்திய சிஆர்2025 என்ற வட்டப் பற்றரி எடுப்பித்து, போன் திருத்தும் தம்பி ஒருவரிடம் கொடுத்துச் சொல்டர் பண்ணுவித்தேன். கால் இல்லாத பற்றரியில் நேரடியாகச் சூடு வைக்க யாரையும் விடாதீர்கள், வெடிக்கக்கூடும். இன்னொன்று, பழைய பற்றரியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சேவும் அழியும். யாருடையதாவது பத்திரமான சேவ் இருந்தால் முதலில் கணினிக்குப் பிரதி எடுங்கள்.

கேமே தொடங்காமல் நின்டெண்டோ லோகோ சிதறித் தெரிந்தால் அது கசெற்றின் பின்களில் பிடித்த அழுக்கு. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அது சாதாரணம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்னை அரிக்கும். போன் கடைகளில் இருக்கும் ஐசோபுரொப்பைல் அல்கஹோலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

கழற்றிய எமரால்ட்டின் படங்களோடு திரும்பவும் கடைக்குப் போனேன். 'கழற்றினதாலை இனி எடுக்க ஏலாது' என்றார். பில்லில் 'கேம் 2' என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். நீங்கள் வாங்கினால் கேமின் பெயரையும் 'ஒறிஜினல்' என்ற சொல்லையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வந்துவிடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு பில், படங்களோடு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். நான் கடைசியாகப் போனபோதும் அந்தக் கடைக் கண்ணாடி அலுமாரியில் அதே லேபிளோடு இன்னும் சில எமரால்ட்கள் அடுக்கி இருந்தன. அண்மையில் நகரப் பக்கம் வாங்கியவர்கள் இன்றைக்கே லைற்றை அடித்துப் போர்ட்டைப் பார்த்துவிடுங்கள்.