மே மாதத்தில் தாங்குமா? பி450 போர்டு, ரைசன் 5 3600: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

முதலில் எதை வைத்துப் பேசுகிறோம் என்று சொல்லிவிடலாம். பி450 சிப்செட் மதர்போர்டு, ஏஎம்டியின் ரைசன் 5 3600 சிபியு, 8 ஜிபி ரேம் இரண்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஒற்றை 120 மிமீ ஃபேன் வைத்த டவர் கூலர். 2019-ல் கேமிங்குக்கும் எடிட்டிங்குக்கும் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பாதிக் கடைகளில் இந்தக் கூட்டணியைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். இன்று செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டிருக்கிறது. பிராண்டு எதுவானாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஓவர்கிளாக், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது பற்றிய வீடியோக்களில் வரும் எண்களை இங்கே அப்படியே எடுக்க முடியாது. அவை பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. கத்திரி நேரத்தில், ஏசி போடாத மாடி அறையில், மதியம் மூன்று மணிக்கு 36 டிகிரி என்பது ரொம்பச் சாதாரணம். அறையில் கூடும் 14 டிகிரி கிட்டத்தட்ட அப்படியே சிபியு சூட்டிலும் கூடும். ஜனவரியில் இரவெல்லாம் ஓடி "ஸ்டேபிள்" என்று பேர் வாங்கிய செட்டிங் மே மாதம் ப்ளூ ஸ்க்ரீன் போடுவது இதனால்தான். சென்னையில் ஓவர்கிளாக் செய்தால் மே மாத மதியத்துக்குத் தாங்கும்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். குளிர்காலத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு ப்ரொஃபைல் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், மாற்றத்தான் யாருக்கும் ஞாபகம் வராது.

சிபியு: கிடைப்பது கொஞ்சம், கொடுப்பது அதிகம்

3600-இன் பூஸ்ட் 4.2 கிகாஹெர்ட்ஸ். போர்டு அதற்குக் கொடுக்கும் மின்சார வரம்பு, அதாவது பிபிடி, 88 வாட். கூலர் சுமாராக இருந்தாலே எல்லா கோரிலும் 4.0-ஐ ஒட்டித் தானாகவே ஓடும். கையால் 42 மல்டிப்ளையர் (100 மெகாஹெர்ட்ஸை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) போட்டு 1.3 வோல்ட் கொடுத்தால், நல்ல சிப்பாக இருந்தால் 4.2-இல் நிற்கும். லாபம் ஐந்து சதவீதத்தைச் சுற்றி. அதற்கு விலையாக சூடும் கரண்ட் பில்லும் ஏறும். கேமில் ஃப்ரேம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 1.325 வோல்டுக்கு மேல் நிரந்தரமாக வைத்தால் சிப் மெல்ல மெல்ல வலுவிழக்கும். ஆரம்பத்தில் 1.3-இல் நின்ற அதே வேகத்துக்குப் பின்னால் 1.35 கேட்கும்.

சும்மா இருக்கும்போது ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவு காட்டும் மென்பொருளில் 1.45 வோல்ட் காட்டுகிறதே என்று பதறுகிறவர்கள் உண்டு. ஒற்றை கோர் பூஸ்டுக்காக ஒரு கணம் எகிறும் வோல்டேஜ் அது, கரண்ட் மிகக் குறைவு, சிப் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆபத்து என்பது முழு லோடில் அதே வோல்டேஜைக் கையால் பூட்டி வைப்பதில்.

வோல்டேஜைக் குறைக்கலாம் என்று நெகட்டிவ் ஆஃப்செட் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தலைமுறை ரைசனில் வோல்டேஜ் போதாவிட்டால் கம்ப்யூட்டர் உடனே கிராஷ் ஆகாது. க்ளாக் 4.1 என்று காட்டிக்கொண்டே உள்ளே வேலையைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு க்ளாக் ஸ்ட்ரெச்சிங் என்று பெயர். ஆகவே மெகாஹெர்ட்ஸைப் பார்க்காதீர்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் "எஃபெக்டிவ் க்ளாக்" வரிசையையும், சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையின் ஸ்கோரையும் பாருங்கள். சூடு குறைந்து ஸ்கோரும் குறைந்திருந்தால் நீங்கள் சேமித்தது ஒன்றுமில்லை.

வெயில் காலத்துக்கு உருப்படியான வழி வேறு. பயாஸில் (ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை) மின்சார வரம்புகளை மாற்றும் பிபிஓ மெனுவை அட்வான்ஸ்டு ஆக்கி, பிபிடியை 88-லிருந்து 65 வாட்டுக்கு இறக்குங்கள். மல்டி கோர் வேலையில் சில சதவீதம் போகும், கேமில் ஒன்றும் தெரியாது, சூடு நன்றாக இறங்கும், ஃபேன் சத்தமும் அடங்கும். ஓவர்கிளாக் பற்றிய கட்டுரையில் அண்டர்க்ளாக்கா என்றால், ஆமாம், மேஜை ஃபேன் மட்டும் உள்ள அறையில் இதுதான் புத்திசாலித்தனம்.

எல்எல்சி, அதாவது லோடில் வோல்டேஜ் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் பயாஸ் செட்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிராண்டில் லெவல் 1 என்றால் மிகக் கடுமை, இன்னொன்றில் லெவல் 1 என்றால் மிக மென்மை. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் 1-தான் உச்சம், ஆசுஸில் தலைகீழ். வேறு பிராண்டு போர்டின் வீடியோவைப் பார்த்து எண்ணைக் காப்பி அடித்தால் வோல்டேஜ் எகிறும். நடுவில் வைத்துவிட்டு, லோடில் வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

ரேமில்தான் சரக்கு இருக்கிறது

இன்னும் எத்தனையோ வீடுகளில் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 2133-இலோ 2666-இலோ ஓடிக்கொண்டிருக்கிறது. ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வைக்கும் பயாஸ் செட்டிங்கான எக்ஸ்எம்பியை யாரும் ஆன் செய்வதில்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஸ்பீடு என்ன காட்டுகிறது என்று இப்போதே பாருங்கள். அதை ஆன் செய்வதில் கிடைக்கும் வித்தியாசம் மேலே சொன்ன சிபியு ஓவர்கிளாக்கைவிட அதிகம்.

அடுத்த படி ரேம் வேகம் 3600. ரைசன் 3000 வரிசையில் சிபியுவின் பாகங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1800 மெகாஹெர்ட்ஸ் வரை பெரும்பாலும் தொல்லையில்லாமல் போகும். டிடிஆர்4 3600-இன் பாதி 1800. ரெண்டும் ஒன்றுக்கு ஒன்றாக ஓடும்போதுதான் பலன். ரேமை மட்டும் 3800, 4000 என்று ஏற்றி ஃபேப்ரிக்கைப் பின்னால் விட்டால் தாமதம் கூடி, வேகம் குறைந்துதான் போகும்.

செய்முறை இது. ரேம் குச்சிகள் இரண்டும் சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். எக்ஸ்எம்பியை ஆன் செய்துவிட்டு ஸ்பீடை 3600, எஃப்க்ளாக்கை (ஃபேப்ரிக்கின் வேகம்) 1800 ஆக்குங்கள். ரேம் வோல்டேஜ் 1.35-லிருந்து 1.38. சிபியுவுக்குள் ரேமைக் கவனிக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைத் தானியங்கியில் விடாதீர்கள், சில போர்டுகள் கண்டபடி ஏற்றும், 1.1 என்று கையால் போடுங்கள். டைமிங்கை, அதாவது ரேம் ஒவ்வொரு வேலைக்கும் காத்திருக்கும் க்ளாக் எண்ணிக்கையை, முதலில் தளர்வாக, 18-22-22-42 என்று வையுங்கள். ரேம் நிலையாக ஓட உதவும் கியர் டவுன் மோட் ஆன். பூட் ஆகி, சோதனையிலும் தேறிய பிறகு 16-19-19-39 பக்கம் ஒவ்வொன்றாக இறங்குங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், தவறியது எது என்று கண்டுபிடிக்க மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். குச்சி நான்காக இருந்தால் 3600 ஆசையை விட்டுவிடுங்கள். இந்த விலைப் போர்டுகளில் நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் 3200 நிற்பதே பெரிய விஷயம்.

சோதனையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். யுஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86 நான்கு பாஸ் ஓட்டுவது முதல் வேலை. அது மட்டும் போதாது. அப்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது, கேபினெட் குளிர்ந்திருக்கிறது. விண்டோஸில் டிஎம்5 என்ற ரேம் சோதனை மென்பொருள் ஓடும்போதே கிராபிக்ஸ் கார்டுக்கும் லோடு கொடுத்து, ஏசியை அணைத்து, மதியம் ஓட்டிப் பாருங்கள். ரேம் செல்லில் இருக்கும் மின்னூட்டம் சூட்டில் சீக்கிரம் கசியும். டிஆர்எஃப்சி (ரேம் தன்னைப் புதுப்பிக்க எடுக்கும் நேரம்) போன்றவற்றை இறுக்கி வைத்திருந்தால் அந்தக் கசிவுதான் பிழையாக வெளிவரும். எல்லோரும் தேடி வாங்கும் சாம்சங் பி-டை சிப்புகள் இதில் ரொம்ப நாசூக்கு: இறுக்கமான டைமிங்கில் 45, 50 டிகிரி தாண்டியதும் பிழை காட்ட ஆரம்பிக்கும். சென்னை கேபினெட்டுக்குள் மே மாதம் 50 டிகிரி ஒன்றும் அதிசயமல்ல. இங்கே மைக்ரான் இ-டை குச்சிகள் நிம்மதி.

ரேம் பிழை எப்போதும் ப்ளூ ஸ்க்ரீனாக வராது. ஜிப் ஃபைல் விரியும்போது சிஆர்சி பிழை, பிரவுசர் டேப் தானாகச் சாவது, விண்டோஸ் அப்டேட் காரணமின்றித் தோற்பது, இவையெல்லாம் அதன் முகங்கள். இவ்வாறு வந்தால் வைரஸைத் தேடாமல் எக்ஸ்எம்பியை அணைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் வியா-லாகர் 19 (வன்பொருள் பிழை) என்று வரிசையாக விழுந்தால் சந்தேகம் ஃபேப்ரிக் மேல். 1800-லிருந்து 1733-க்கு இறங்குங்கள்.

ஆன் ஆகவில்லை

டிபக் விளக்குகள் உள்ள போர்டில் வரிசை பெரும்பாலும் சிபியு, டிராம், விஜிஏ, பூட். எதில் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். டிராமில் நின்றால், செட்டிங் மாற்றிய கையோடு என்றால், அவசரப்படாதீர்கள். போர்டு தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்து ரேமைப் பழக்கும். அந்த நேரத்தில் சுவிட்சை அமுக்குகிறவர்கள்தான் அதிகம். அதன் பிறகும் வரவில்லையென்றால் ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்சக் கரண்டை வடித்து, பயாஸ் செட்டிங்கை அழிக்கும் சிமாஸ் ஜம்பரின் இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து விநாடி தொட்டுப் பிடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். பல போர்டுகளில் பேட்டரி கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும், கார்டைக் கழற்றாமல் விரல் போகாது. கழற்றியபோதே மல்டிமீட்டரில் பாருங்கள்: சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும், 2.8-க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடலாம்.

எந்த செட்டிங்கையும் தொடாமலே டிராம் விளக்கு எரிகிறது என்றால், பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் ரேமின் தங்க முனைகளைப் பாருங்கள். உப்புக் காற்றும் மழைக்கால ஈரமும் சேர்ந்து மங்கலாக ஒரு படலம் கட்டியிருக்கும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்து ஆன் செய்தால் வராத கம்ப்யூட்டர்களில் பாதி இந்த ரகம். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்தபின் க்ளிக் சத்தம் வரும் வரை அழுத்தி மாட்டுங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம்தான் உள்ளே போகும்.

திடீரென்று அணைந்து எழுகிறது, ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 மட்டும் இருக்கிறது என்றால் போர்டைக் குறை சொல்வதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே, லோடில், வோல்டேஜ் 11.4-க்குக் கீழே போகக்கூடாது. அதை மல்டிமீட்டரில்தான் அளக்க வேண்டும், மென்பொருள் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் போட்டிருந்தால் பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போன பின் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது 16 மில்லிசெகண்ட் அளவுதான். நார்மல் மோடில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்ஸும் பல நேரம் ஒத்துப்போகாது.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி கெபாசிட்டர்கள் எர்த் இல்லாதபோது பாதி மெயின்ஸ், சுமார் 115 வோல்ட்டை, கேபினெட் தகரத்தில் நிறுத்தும். ஆளைக் கொல்லாது, ஆனால் யுஎஸ்பி துண்டிப்பு, ஹெட்ஃபோன் இரைச்சல், சில நேரம் போர்ட்டே போய்விடுவது எல்லாம் இதிலிருந்து வரும். போர்டு மாற்றித் தீராத கோளாறு இது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பிட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டவர் கூலரும் பயாஸும்

பெட்டியோடு வரும் ஸ்டெல்த் கூலர் காற்றைக் கீழே போர்டை நோக்கி அடிக்கும், சிபியுவுக்கு வோல்டேஜைக் குறைத்துத் தரும் விஆர்எம்முக்கும் கொஞ்சம் கிடைக்கும். டவர் கூலர் போட்டதும் சிபியு குளிரும், விஆர்எம் பட்டினி. ரைசன் 3600-க்குப் பாதகமில்லை. இதே போர்டில் 12 கோர் சிப்பை ஏற்றியவர்கள் பின் பக்கமும் மேலேயும் ஃபேன் வைக்காமல் ஓட்டக் கூடாது.

பயாஸ் அப்டேட்டை யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். பென்டிரைவ் எஃப்ஏடி32-இல் இருக்கட்டும். செட்டிங் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சேமித்த ப்ரொஃபைல்கள் புது பயாஸில் செல்லாமல் போகும். விண்டோஸ் 11 போட்டபின் அவ்வப்போது ஒரு விநாடி எல்லாம் உறைந்து, ஒலி திக்கினால், அது எஃப்டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) கோளாறு; ஏஎம்டியே 2022-ல் ஒத்துக்கொண்டது. பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படை மென்பொருளான அஜீசா 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தைய பயாஸில் சரியாகிவிடும். 16 எம்பி பயாஸ் சிப் உள்ள போர்டுகளில் புது சிப்புகளுக்கு இடம் கொடுக்கப் பழைய சிப்புகளை நீக்கியிருப்பார்கள், கையில் இருக்கும் சிப் பட்டியலில் உண்டா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். அடுத்து ரைசன் 7 5800எக்ஸ்3டி ஏற்றும் திட்டமிருந்தால், அதில் மல்டிப்ளையர் பூட்டியிருக்கிறது. ரேம் வேலை மட்டும்தான் மிஞ்சும்.

கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, லீவர் பூட்டியிருக்கும்போதே சிபியு சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, திருகுகளைத் தளர்த்தியபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, வழுக்க ஆரம்பித்ததும் தூக்குங்கள்.

இதே போர்டை செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள்: இந்தப் போர்டின் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் சிபியுவில் இருப்பதால் சாக்கெட் வளைந்திருக்கும் பயமில்லை, சிப்பைத்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கடையிலேயே நான்கு ரேம் ஸ்லாட்டிலும் ஒற்றைக் குச்சியை மாற்றி மாற்றிப் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். பின்பக்க போர்ட்டுகளின் உலோக ஓரத்தில் துரு இருந்தால் அது கடற்கரைப் பக்கத்துப் போர்டு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும்.